எண்ணிப் பார்த்த பெண்கள்: சிறுவர் புத்தகங்களுக்குள் நடந்த ஒரு கணக்கெடுப்பின் கதை

எங்களில் ஒருத்தி நாலாம் வகுப்பில் எழுதின ஒரு கட்டுரையில் இருந்து தொடங்குவம். தலைப்பு 'எனது குடும்பம்'. அப்போது அவளின் அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து காசு அனுப்பிக்கொண்டிருந்தா. வீட்டில் அப்பாதான் விடிய எழும்பிப் புட்டு அவிப்பார், அவளுக்குத் தலை பின்னி விடுவார், பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்ச்சுக் காயப்போடுவார். ஆனால் கொப்பியில் அவள் எழுதினது வேறை. அம்மா சமைப்பா, அப்பா வேலைக்குப் போவார், பின்னேரம் அப்பா கதிரையில் இருந்து பத்திரிகை வாசிப்பார். பத்துக்கு ஒன்பது புள்ளி கிடைத்தது.

ஏன் அப்படி எழுதினனீ எண்டு இப்போது கேட்டோம். வெட்கத்தில் மறைச்சாளோ எண்டுதான் நாங்கள் நினைத்தோம். அவள் அப்படிச் சொல்லவில்லை. "குடும்பம் எண்டா அப்படித்தானே எழுதோணும்? புத்தகத்தில அப்படித்தானே இருந்தது" எண்டாள்.

புத்தகம் பொய் சொன்னது எண்டு அவளுக்குப் படவில்லை. தன்ர வீடுதான் பிழை எண்டு பட்டிருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஒரு பிள்ளையின் வீட்டைவிட ஒரு புத்தகத்தின் வீடு எப்படி உண்மையாகிப் போகிறது? அதை எதிர்த்தவர்கள் யார், எப்படி எதிர்த்தார்கள்? இதற்கு நாங்கள் கொஞ்சத் தூரம் போக வேண்டும். 50 வருடங்களுக்கு முந்தின அமெரிக்காவுக்கு.

பிப்பி இருந்தாளே, பிறகென்ன?

மரபை மீறின பெண்பிள்ளைகள் சிறுவர் இலக்கியத்தில் அதற்கு முன்னம் இல்லாமல் இல்லை. 1868இல் வெளிவந்த 'லிட்டில் விமன்' நாவலின் ஜோ எழுத்தாளராக ஆசைப்பட்டவள். 1945இல் சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதின பிப்பி லோங்ஸ்ரொக்கிங், ஒரு குதிரையைத் தனியத் தூக்குவாள், பெரியாக்கள் இல்லாத வீட்டில் தன்பாட்டுக்கு இருப்பாள். முதலில் அனுப்பின பெரிய பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு வேறொரு பதிப்பகத்தின் போட்டியில் பரிசு வாங்கித்தான் அது புத்தகமானது.

"பிப்பி இருக்கிறாள்தானே, பிறகென்ன குறை?" எண்டு கேட்கலாம். குறை என்னவென்றால், ஒரு பிப்பியைப் படிக்கிற பிள்ளை அதோடு சேர்த்து நூறு வேறு புத்தகங்களையும் படிக்கிறது. அந்த நூறிலும் என்ன இருக்கிறது? இதை 1960களின் கடைசி வரைக்கும் பெரிதாக யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணுகிற வழியை முதலில் காட்டினது நிறவெறிக்கு எதிரான போராட்டம். 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், அமெரிக்காவில் 1962 தொடக்கம் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் புத்தகங்களைப் பற்றிய கணக்கு ஒன்றை வெளியிட்டார். அவற்றில் ஒரேயொரு கறுப்பினப் பாத்திரமாவது வருகிற புத்தகங்கள் 6.7 சதவீதம் மட்டுமே. கறுப்பினப் பிள்ளைகளும் அதே புத்தகங்களைத்தான் வாசித்தார்கள். "எங்கட பிள்ளையள் புத்தகத்தில இல்ல" எண்டு பெற்றோர் வருசக்கணக்காகச் சொல்லிவந்த ஒன்று, மறுக்க ஏலாத ஒரு எண்ணாக மேசையில் வந்து விழுந்தது. பெண்ணியவாதிகள் எடுத்துக்கொண்டதும் இந்த ஆயுதத்தைத்தான். கொப்பி, பேனை, ஒரு அடுக்குப் புத்தகம்.

147உம் 26உம்

1971 ஜனவரியில் நியூ யோர்க்கைச் சேர்ந்த ஒரு பெண்ணியக் குழு, நூலகர்கள் வாசிக்கிற ஒரு சஞ்சிகையில் கட்டுரை ஒன்று எழுதியது. நியூபெரி விருது என்பது அமெரிக்காவில் சிறந்த சிறுவர் நூலுக்கு 1922 முதல் கொடுக்கப்படுகிற விருது. அதை வென்ற புத்தகங்களில் ஆண்பிள்ளைகளைப் பற்றியவை மூன்று என்றால் பெண்பிள்ளைகளைப் பற்றியது ஒன்று என்று அவர்கள் காட்டினார்கள்.

அதே வருடம் அலீன் பேஸ் நில்சன் என்ற ஆய்வாளர் படக்கதைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். சிறந்த படங்களுக்குக் கொடுக்கப்படுகிற கால்டிகொட் விருதோடு சம்பந்தப்பட்ட 20 வருடப் புத்தகங்கள். வருடம் போகப் போகப் பெண்களின் பங்கு கூடவில்லை, குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இன்னுமொன்றும் அவர் கண்ணில் பட்டது. படத்தில் பெண் வந்தால், அவளின் இடுப்பில் அநேகமாக ஒரு ஏப்ரன் இருக்கும். ஏப்ரனைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிற மாதிரி இருக்கிறதே எண்டு அவர் அதற்கொரு நக்கல் பேரும் வைத்தார்.

1972இல் லெனோர் வைட்ஸ்மனும் கூட இருந்த மூன்று பெண்களும் சமூகவியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதின கட்டுரைதான் பிறகு எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னது. 1967 தொடக்கம் 1971 வரை கால்டிகொட் விருது வென்றதும், அதற்கு அடுத்த இடத்துக்கு வந்ததுமான 18 புத்தகங்களை எடுத்தார்கள். ஆண்களின் படங்கள் 261. பெண்களின் படங்கள் 23. கிட்டத்தட்டப் பதினொன்றுக்கு ஒன்று. மூன்றில் ஒரு பங்கு புத்தகங்களில் பெண் என்று ஒருத்தியே இல்லை.

எங்களை நிற்பாட்டி வைத்த வரி வேறை. அந்தப் புத்தகங்களில் வருகிற வளர்ந்த பெண்களில் ஒருத்திக்குக்கூட வீட்டுக்கு வெளியில் தொழில் இல்லை. ஒருத்திக்குக்கூட! அதே நேரத்தில் அமெரிக்காவில் நூறு பெண்களில் 40 பேருக்கு மேல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தை இரவில் வாசித்துக் காட்டின அம்மாவே பகல் முழுக்கத் தொழிற்சாலையிலோ ஆஸ்பத்திரியிலோ நின்றுவிட்டு வந்தவவாக இருந்திருக்கலாம். எங்கட தோழியின் கொப்பியும் இந்த வரியும் ஒரே விசயத்தைத்தான் சொல்லுகின்றன. இந்தப் புத்தகங்கள் 'பழைய கால வாழ்க்கை'யைக் காட்டினதாக நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ள ஏலாது. பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் இருந்த வாழ்க்கையை அவை அழித்தன.

பரிசு வாங்கின புத்தகங்களை எல்லாப் பிள்ளைகளும் வாங்குவதில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகத்தில் இருந்து யாரும் தப்ப ஏலாது. நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்ரன் பக்கத்துப் பெண்கள் சிலர் கை வைத்தது அதில்தான். 14 பதிப்பகங்களின் 134 வாசிப்புப் புத்தகங்கள், அவற்றுக்குள் 2,760 கதைகள். எல்லாவற்றையும் வாசித்து, எண்ணி, 1972இல் 'டிக்கும் ஜேனும் பலியாட்கள்' என்ற கருத்து வருகிற தலைப்பில் ஒரு சின்ன நூலைத் தாங்களே வெளியிட்டார்கள். டிக், ஜேன் என்ற அண்ணனும் தங்கச்சியும் 1930 முதல் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கின பாடப்புத்தகப் பாத்திரங்கள்.

அவர்கள் கண்ட கணக்கு இது. ஆண்பிள்ளை மையமான கதை ஐந்துக்குப் பெண்பிள்ளை மையமான கதை இரண்டு. ஆண்களின் வாழ்க்கை வரலாறு ஆறுக்குப் பெண்ணின் வரலாறு ஒன்று. மிருகக் கதைகளில்கூட ஆண் மிருகம் இரண்டுக்குப் பெண் மிருகம் ஒன்று. ஆண்கள் செய்கிறதாகக் காட்டப்பட்ட தொழில்கள் 147 வகை. பெண்களுக்கு 26.

147உம் 26உம். பெரிய கோட்பாடு ஒன்றும் தேவையில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முன்னால் வைக்கப்பட்ட கதவுகளின் எண்ணிக்கை அது.

எழுதினார்கள், சிலது சப்பெண்டும் இருந்தது

எண்ணினவர்கள் எண்ணினதோடு நிற்கவில்லை. 1970இல் புளோரன்ஸ் ஹோவ் தொடங்கின 'பெமினிஸ்ட் பிரஸ்' முதலில் வெளியிட்ட நூல்களில் ஒன்று சிறுவர் கதை. பார்பரா டேனிஷ் எழுதின அந்தக் கதையில் வாலில் வருத்தம் வந்த ஒரு டிராகன் டொக்டரிட்டப் போகும். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, தாதி ஒரு ஆண்பிள்ளை. வட கரோலினாவின் சப்பல் ஹில் நகரத்துப் பெண்கள் 'லொலிபொப் பவர்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து மெல்லிய புத்தகங்களைத் தாங்களே பதிப்பித்தார்கள். அதில் 1971இல் வந்த ஒன்று, ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து உடுப்புத் தோய்த்து, சமைத்து, ஒரு நாளைக் கழிக்கிற கதை. அம்மா எங்கே எண்டு கதை விளக்கம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான், அவ்வளவுதான். நாலாம் வகுப்பில் எங்கட தோழியின் கையில் அது கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பாள் எண்டு நாங்கள் யோசித்துக்கொண்டோம்.

உண்மையைச் சொல்லோணும் எண்டால், இந்தப் புத்தகங்களில் சிலது கதையாக அவ்வளவு நல்லாயில்லை எண்ட விமர்சனம் அந்தக் காலத்திலேயே இருந்தது. கருத்து முன்னுக்கு நிற்க, கதை பின்னால் இழுபட்டுப் போகும். பாடம் எடுக்கிற கதையைப் பிள்ளைகள் மணந்து பிடித்துவிடுவார்கள். ஆனாலும் யாராவது முதலில் ஒரு பாதையை வெட்டத்தானே வேண்டும்.

கதையாகவும் வென்ற ஒன்று 1980இல் கனடாவில் இருந்து வந்தது. ரொபர்ட் மன்ச் எழுதி மைக்கல் மார்ச்சென்கோ படம் வரைந்த 'கடதாசிப் பை இளவரசி'. மன்ச் சின்னப் பிள்ளைகளின் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவர், பிள்ளைகளுக்கு டிராகன் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஏன் எப்பவும் இளவரசனே இளவரசியைக் காப்பாற்ற வேண்டும், மாறி நடந்தால் என்ன எண்டு அதே இடத்தில் வேலை செய்த மனைவி கேட்டதில் இருந்துதான் இந்தக் கதை பிறந்தது. டிராகன் மாளிகையை எரித்து இளவரசனைத் தூக்கிக்கொண்டு போகிறது. உடுப்பெல்லாம் எரிந்துபோன எலிசபெத் ஒரு கடதாசிப் பையை மாட்டிக்கொண்டு பின்னால் போகிறாள். வாளால் இல்லை, வாயால் வெல்லுகிறாள். டிராகனைப் புகழ்ந்து புகழ்ந்து நெருப்புக் கக்க வைத்து, உலகத்தைச் சுற்றிப் பறக்க வைத்து, களைத்து விழப்பண்ணுகிறாள். காப்பாற்றப்பட்ட இளவரசனோ, இந்தக் கோலத்தில் ஏன் வந்தாய், இளவரசி மாதிரி உடுத்திக்கொண்டு வா எண்டு முகத்தைச் சுளிக்கிறான். கலியாணம் நடக்கவில்லை. ரொறொன்ரோவில் இருக்கிற எங்கட மச்சாள்மாரின் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

சட்டம் தொடாத இடம்

1972இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசின் காசு வாங்குகிற கல்வி நிறுவனங்கள் பால்நிலை காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது. ஆனால் 1975இல் அந்தச் சட்டத்துக்கு விதிமுறைகள் எழுதப்பட்டபோது, கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டிப் பாடப்புத்தகங்களை வெளியில் விட்டுவிட்டார்கள். அதாவது சட்டம் வந்து புத்தகத்தை மாற்றவில்லை.

மாற்றினது வேறை. அதே 1972இல் ஸ்கொட் ஃபோர்ஸ்மன் பதிப்பகம், பாடப்புத்தகங்களில் பெண்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று தன் எழுத்தாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. டிக்கையும் ஜேனையும் அச்சடித்து விற்றதே இந்தப் பதிப்பகம்தான். 1974இல் மக்ரோ-ஹில் பதிப்பகமும் அப்படியொரு வழிகாட்டியைக் கொண்டுவந்தது. புத்தகம் வாங்குகிற பள்ளிக்கூடங்களும் பெற்றோரும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டால் பதிப்பகம் காது கொடுக்கும். கேள்வி கேட்பவரின் கையில் எண் இருந்தால் இன்னும் கெதியாகக் கொடுக்கும்.

அப்ப எல்லாம் சரிவந்திட்டுதோ? இல்லை. 2011இல் வெளியான ஒரு ஆய்வு 1900 தொடக்கம் 2000 வரை அமெரிக்காவில் வந்த 5,618 சிறுவர் புத்தகங்களைப் பார்த்தது. ஆண் மையப் பாத்திரம் உள்ளவை 57 சதவீதம். பெண் மையப் பாத்திரம் உள்ளவை 31 சதவீதம். இதில் வரலாறு படிக்கிற எங்களுக்கு முக்கியமானது இன்னொரு விசயம். நூற்றாண்டின் தொடக்கத்தைவிட 1930க்கும் 1969க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஏற்றத்தாழ்வு மோசமாக இருந்தது. காலம் போனால் எல்லாம் தானாக நல்லாகும் எண்ட நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. பெண்கள் இயக்கமாக நின்ற காலங்களில் இடைவெளி சுருங்கியிருக்கிறது, அவர்கள் ஓய்ந்த காலத்தில் விரிந்திருக்கிறது.

இன்னொரு பாதி வேலையும் மிச்சம். பெண்பிள்ளை மரம் ஏறலாம், டொக்டராகலாம், டிராகனை வெல்லலாம் என்பதைப் புத்தகங்கள் மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டன. ஆண்பிள்ளை பொம்மையைத் தூக்கித் தாலாட்டலாம் என்பது அவ்வளவு சுகமாகப் போகவில்லை. 1972இல் சார்லட் சோலோட்டோ எழுதின 'வில்லியமின் பொம்மை'யில், பொம்மை கேட்கிற வில்லியமை அண்ணனும் பக்கத்து வீட்டுப் பெடியனும் பழிக்கிறார்கள். அப்பா கூடைப்பந்தும் விளையாட்டு ரெயிலும் வாங்கிக் கொடுக்கிறார். கடைசியில் பாட்டிதான் பொம்மை வாங்கிக் கொடுத்து, நாளைக்கு அவன் நல்ல தகப்பனாக இருக்க அது உதவும் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்துகிறா. அருமையான கதை. ஆனால் பாருங்கள், ஒரு பெடியன் பொம்மையோடு விளையாட ஒரு நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்துக்கு யாரும் நியாயம் கேட்பதில்லை.

எங்கட பக்கத்துக்கு வருவம்

எங்களுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்கிற ஆத்திசூடி, ஔவை என்ற பெண்ணின் பெயரில் வழங்குகிறது. பெண்ணின் பேச்சைக் கேட்டு நடக்காதே என்று பொருள்படுகிற ஒரு வரியும் அதற்குள் இருக்கிறது. பாரதி 'புதிய ஆத்திசூடி' எழுதினபோது அதே அகர வரிசை அச்சை எடுத்து, அதற்குள்ளேயே பெண்ணை உயர்த்தச் சொல்லுகிற வரியை வைத்தார். பிரின்ஸ்ரன் பெண்களுக்கு 50 வருடத்துக்கு மேல் முந்தி, பிள்ளைகளின் பாடத்திலேயே கை வைத்தால்தான் விசயம் மாறும் என்பது அவருக்கு விளங்கியிருக்கிறது.

மொழியாலும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. 1987இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. ஆணா பெண்ணா என்று தெரியாத மிருகங்களின் படங்களைக் காட்டி, அம்மாக்களைப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொன்னார்கள். 95 சதவீதமான மிருகங்களை அம்மாக்களே ஆணாக்கிவிட்டார்கள். ஆங்கிலம் 'அவன்', 'அவள்' இரண்டில் ஒன்றைத் தெரிய வைக்கும். தமிழில் முயலும் நரியும் 'அது'. நாங்கள் எதையும் தெரியத் தேவையில்லை. ஆனால் வாய் திறந்து கதை சொல்லத் தொடங்கினதும் என்ன நடக்கிறது? நரியார் வாறார், சிங்கராசா கர்ச்சிக்கிறார், முயலார் ஓடுறார். 'ஆர்' விகுதி பொதுதான். எண்டாலும் எங்கட தலைக்குள் நரியாருக்கு ஒரு மீசை முளைத்துவிடும். வடை சுடுகிற இடத்துக்கு மட்டும் மறக்காமல் ஒரு பாட்டியைக் கூட்டிவந்து இருத்திவிடுவம்.

இந்த மண்ணில் போருக்குப் பிறகு தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகிற பெண்கள் ஆயிரக்கணக்கில். மலையகத்தில் விடிய மலை ஏறிக் கொழுந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற அக்காமார், வெளிநாட்டுக்குப் போன அம்மாக்கள், பிள்ளை வளர்க்கிற அப்பாக்கள், அம்மம்மாக்கள். எங்கட பிள்ளைகள் இந்த வீடுகளில் இருந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களின் கையில் இருக்கிற புத்தகத்தில் இந்த வீடு இருக்கிறதா?

இருக்கிறது, இல்லை எண்டு வாயால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. வீட்டில் இருக்கிற தம்பி தங்கச்சியின் வாசிப்புப் புத்தகம் ஒன்றை எடுங்கோ. கொப்பியில் இரண்டு கோடு கீறுங்கோ. படத்தில் எத்தனை ஆண், எத்தனை பெண்? யார் என்ன தொழில் செய்கிறார்கள்? அழுகிறது யார், காப்பாற்றுகிறது யார்? குசினிக்குள் நிற்கிறது யார்? பெடியன் ஒருவன் யாரையாவது பராமரிக்கிறானா? ஒரு பின்னேரம் காணும்.

எங்கட தோழியிடம் அந்தப் பழைய கொப்பி இப்ப இல்லை. போன கிழமை கட்டுரையைத் திரும்ப எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். சிரித்துக்கொண்டு எழுதினாள். முதல் வரி: "எங்கட வீட்டில புட்டு அவிக்கிறது அப்பா." புள்ளி போட நாங்கள் ரீச்சர்மார் இல்லை. ஆனால் அந்த வரியை ஒரு புத்தகத்தில், ஒரு படத்தோடு பார்க்க எங்களுக்கு ஆசை.